கோத்தகிரி டிஸ்கஷன் வீடு: மூன்று பேர் சேர்ந்து திரைக்கதை எழுதத் தோதான இடமா?

டிஸ்கஷன் என்றால் சினிமாக் குழு ஒன்றாக உட்கார்ந்து கதை பேசுவது; அதற்கு வாடகைக்குக் கிடைக்கும் வீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒன்லைன் (கதைச் சுருக்கம்) போட, சீன் ஆர்டர் (காட்சி வரிசை) பிடிக்க, கிளைமாக்ஸைச் சண்டை போட்டுத் தீர்க்க இந்த வீடு அருமையான இடம். வசனம் எழுதப் போகாதீர்கள். சேர்ந்து பேசுகிற வேலைக்கு ஒரு நீளச் சுவர், ஒரு மேசை, எழுந்து ஓட முடியாத ஊர் போதும். மூன்றும் இங்கே இருக்கின்றன. சேர்ந்து எழுதுகிற வேலைக்குத் தனித்தனி அறை, நம்பகமான இணையம், நிற்காத மின்சாரம் வேண்டும். அவை இங்கே அரைகுறை.

வீட்டின் பெயரைப் போடவில்லை. ஒரே குடும்பம் நடத்தும் சின்ன இடம்; குறைகளையும் எழுதியிருக்கிறோம். தவிர, கோத்தகிரி, குன்னூர் பக்கம் டிஸ்கஷனுக்கென்று வாடகைக்குக் கிடைக்கும் எந்த வீட்டுக்கும் இந்த அளவுகோல்கள் பொருந்தும்.

இடம் கோத்தகிரி டவுனிலிருந்து கோடநாடு போகும் சாலையில், தேயிலைக்கு நடுவே. சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ்தான் வசதி. விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, 33 கிலோமீட்டர் மலைப்பாதையை பஸ்ஸில் ஏறிவிடலாம். சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ வந்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் என்ற இணைய அனுமதி வேண்டும். 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. பஸ்ஸுக்குத் தேவையில்லை. டிஸ்கஷனுக்கு பஸ்ஸில் வருவதே நல்லது என்பது எங்கள் கருத்து. வாசலில் கார் நின்றால் மூன்றாம் நாள் மதியம் யாராவது ஒருவர் ஊட்டிக்குக் கிளம்பிவிடுவார், அன்றைய பாதி நாள் போய்விடும்.

மாதம் பார்த்துப் போங்கள். தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலை பெருமளவு தடுத்துவிடுவதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், ஊட்டி அளவுக்குக் கோத்தகிரி நனையாது. இங்கே மழை கொட்டுவது வடகிழக்குப் பருவத்தில். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை பாதையில் மண் சரிந்தால் இறங்கும் தேதி உங்கள் கையில் இல்லை. ஏப்ரல், மே சீசன் கூட்டம். வாடகையும் அப்போதுதான் உச்சம்.

இந்த வீட்டின் பெரிய சொத்து சாப்பாட்டு அறையின் உள்சுவர். பதினொரு அடி நீளம், நடுவில் ஜன்னலோ அலமாரியோ கிடையாது. இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறோம் என்றால், கணக்கு இதுதான். இரண்டே கால் மணி நேரப் படத்துக்குச் சுமார் 70 சீன் என்று வையுங்கள். சீனுக்கு ஒரு கார்டு, 5 அங்குல அகலம், 3 அங்குல உயரம். இடைவேளைக்கு முன் இரண்டு வரிசை, பின் இரண்டு வரிசை என்று குத்தினால் வரிசைக்கு 18 கார்டு. இடைவெளியோடு கார்டுக்கு ஐந்தரை அங்குலம் வைத்தால் 99 அங்குலம், அதாவது எட்டேகால் அடி. மிச்சமுள்ள இரண்டே முக்கால் அடியில் இடம் கிடைக்காத கார்டுகளைக் குத்தலாம். முழுப் படத்தையும் மூன்று பேரும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிற சுவர் இது. பார்க்க முடியாத வீட்டில் ஆளுக்கொரு படம் மனதில் ஓடும். சேர்ந்து எழுதுவதில் பாதிச் சண்டை அங்கேதான் முளைக்கிறது.

சுவரில் ஒரு கோளாறு உண்டு. மழை மாதங்களில் ஓதம் ஏறிவிடும். ஒட்டும் சீட்டுகள் காலையில் தரையில் கிடக்கும், எந்தச் சீன் எங்கே இருந்தது என்பதே அன்றைய முதல் வாக்குவாதமாகிவிடும். மெல்லிய கார்டு நமுத்துச் சுருளும். ஒரு அங்குலத் தடிமன் தெர்மோகோல் ஷீட்டுகளையும் குண்டூசிப் பெட்டி இரண்டையும் மேட்டுப்பாளையத்திலேயே வாங்கி வாருங்கள். வீட்டில் தரும் வெள்ளைப் பலகை நான்குக்கு மூன்றடி. அதில் சீன் ஆர்டர் எழுத இடம் போதாது, ஜன்னல் வெளிச்சம் பட்டு பாதி எழுத்து தெரியவும் செய்யாது. அன்றைய நிலுவைகளை எழுத வைத்துக்கொள்ளலாம். தினமும் மாலை சுவரை போட்டோ எடுத்து மூவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் கூட்டு எழுத்து நிற்கிறது, விழுகிறது. 'ரவி பஸ் ஸ்டாண்டில் அக்காவைச் சந்திக்கிறான்' என்று எழுதினால் அது சீன் இல்லை, வெறும் இடமும் ஆளும். இதை எடுத்துக்கொண்டு போய் ஒருவர் அழுகையாக எழுதுவார், இன்னொருவர் கலகலப்பாக எழுதுவார். இரண்டும் நன்றாகவே இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டாது. 'ரவி அக்காவிடம் பணம் கேட்க வருகிறான். அவள் செருப்பைப் பார்த்ததும் கேட்காமல், தன்னிடம் இருந்த முந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போகிறான்' என்று எழுதினால் யார் எழுதினாலும் ஒரே சீன்தான் வரும். வந்தபோது என்ன வேண்டியிருந்தது, போகும்போது என்ன மாறியது, இந்த இரண்டும் கார்டில் இருக்க வேண்டும். கார்டின் மூலையில் யோசனை சொன்னவரின் பெயர் எழுத்தைப் போடாதீர்கள். போட்டால் கார்டைக் கழற்றும்போது ஆளைக் கழற்றுவதாகப் படும்.

எண்ணும் போடாதீர்கள், ஆர்டர் பூட்டும் வரை. 'செருப்பு', 'பொய் டிக்கெட்' என்று கூப்பிடும் பெயர் போதும். எண் போட்டபின் நடுவில் ஒரு சீன் வந்தால் அது 34ஏ. பின்னால் உள்ள எண்களை மாற்றினால், பழைய ஆர்டரைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் வேறு சீனுக்கு வசனம் எழுதிக்கொண்டு வந்து நிற்பார்.

மேசைக்கு வருவோம். வட்ட மேசை, ஆறு பேர் அமரலாம். நீள மேசை உள்ள வீடுகளில் தலைமாட்டு நாற்காலியில் டைரக்டர் உட்காருவார், கடைசி நாற்காலியில் அசிஸ்டென்ட். கடைசி நாற்காலியிலிருந்து மறுப்பு வராது. வட்ட மேசையாலும் 'ஆமா சார்' என்பது ஒழிந்துவிடாதுதான், ஆனால் குறையும். அதற்கு மேல் ஒரு வழி இருக்கிறது. சிக்கலான சீன் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் ஆளுக்கொரு தாளில் அந்தச் சீன் எப்படி முடியலாம் என்று எழுத வேண்டும். தாள்களைக் கலைத்து, அடுத்தவர் எழுதியதை வாசிக்க வேண்டும். யார் எழுதியது என்று கேட்கும் முன்பே எது நல்லது என்று தெரிந்துவிடும்.

நரேஷனுக்கும், அதாவது கதையை வாயால் சொல்லிக் காட்டுவதற்கும், இதே பாடம். நம் ஊரில் கதை வாயில்தான் வாழ்கிறது. நன்றாகச் சொல்லத் தெரிந்தவர் கண்ணை உருட்டி, கையைத் தட்டி, பின்னணி இசையும் தானே போட்டுச் சொன்னால் ஒன்றுமில்லாத சீன்கூடத் தூக்கும். நான்கு மாதம் கழித்து படப்பிடிப்பு ஸ்பாட்டில் சீன் பேப்பரைப் பிரித்தால் வெறும் தாள். அதனால் ஒரு சீனை யோசித்தவர் அதைச் சொல்லக் கூடாது. வேறொருவர் கார்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். திக்கினால் சீனில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு வேலைக்கு இந்த வீட்டு வராந்தா பொருத்தம். மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் எதிர்ச்சரிவே தெரியாது, கவனம் சிதற ஒன்றும் இருக்காது, குரல் மட்டும்தான்.

நான்கு மணிக்குத் தேநீரும் வர்க்கியும் தருகிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே ஊட்டி வர்க்கி, நல்ல மொறுமொறுப்பு. கார்டு மேசையில் மட்டும் வைத்துச் சாப்பிடாதீர்கள், எண்ணெய்க் கறை பட்ட கார்டில் பேனா ஓடாது. சமையல் செய்யும் அக்கா படுகர் சமூகத்தவர். அவர் சமைக்கும் அவரைக்குழம்புக்காகவே மதிய உணவை ஒரு மணிக்குச் சரியாக நிறுத்திக்கொள்ளலாம். அவரும் ஒன்பது மணிக்குப் பிறகு சமையலறை கிடையாது என்று சொல்லிவிடுகிறார். எழுதுபவர்களுக்கு அது நல்லதே. இரவு சாப்பாட்டுக்குப் பின் எடுக்கும் முடிவு பெரும்பாலும் மறுநாள் காலை உடையும். இரவில் வாசிக்கலாம், முடிவெடுக்க வேண்டாம்.

ஆறு இரவு போதும். முதல் நாளே இன்டர்வலையும் கிளைமாக்ஸையும் சுவரில் குத்திவிடுங்கள். முதல் சீனிலிருந்து வரிசையாக ஆரம்பிக்கும் குழுக்கள் முதல் பாதியிலேயே நான்கு நாளைத் தின்றுவிட்டு, இரண்டாம் பாதியைக் கிளம்பும் பஸ்ஸில் முடிக்கின்றன. 'செகண்ட் ஹாஃப் லேக்' என்று தியேட்டரில் சொல்லப்படும் புகார்களில் பலவற்றின் வேர் இந்த நாள் கணக்கில் இருக்கிறது. தினமும் மாலை ஒருவர் மூன்று தலைப்பில் குறிப்பெழுத வேண்டும்: முடிவானது, நிலுவை, கைவிட்டது. கைவிட்டது என்ற பட்டியலையும் ஏன் கைவிட்டோம் என்ற ஒரு வரியையும் எழுதாவிட்டால், நிராகரித்த யோசனை நான்காம் நாள் வேறு பெயரில் திரும்பி வந்து இன்னொரு மதியத்தை எடுத்துக்கொள்ளும். குறிப்பெழுதும் ஆள் தினமும் மாற வேண்டும். பேனா பிடிப்பவர் பேசியதை எழுதும்போதே கொஞ்சம் தன் பக்கம் சாய்த்துவிடுவார், வேண்டுமென்று செய்யாவிட்டாலும்.

இனி, ஏன் வசனத்துக்கு இந்த வீடு ஆகாது என்பது. படுக்கையறை மூன்று என்கிறார்கள். உண்மையில் இரண்டுதான், மூன்றாவது நாற்பதடி தள்ளி உள்ள அவுட்ஹவுஸ். இந்தச் சரிவுகளில் இரவில் கரடியும் காட்டுமாடும் நடமாடுவது வழக்கம், ஏழு மணிக்கு மேல் தனியாக வெளியே வர வேண்டாம் என்று காவலர் சொல்வது சரியான எச்சரிக்கை. ஆனால் அவுட்ஹவுஸில் தங்குபவர் அதற்குப் பிறகு குழுவிலிருந்து அறுந்துவிடுகிறார். பெரிய வீட்டில் இருக்கும் இருவர் இரவில் பேசி ஒரு சீனை மாற்றிவிடுவார்கள், மூன்றாமவர் காலையில் அந்நியராக வந்து உட்காருவார். மூவர் குழுவில் இப்படி இரண்டுக்கு ஒன்று என்று பிரிவதைவிடக் கெட்டது வேறில்லை. அவுட்ஹவுஸைக் காலியாக விட்டுவிட்டு இரண்டு அறையில் நெருக்கிப் படுங்கள்.

இணையம் இருக்கிறது, மரம் சாயும் வரை. இன்வெர்டர் விளக்குகளையும் கூடத்தில் ஒரே ஒரு பிளக்கையும் தாங்கும். மூன்று லேப்டாப்புக்கு ஒரு நீள எக்ஸ்டென்ஷன் பெட்டி அவசியம். கூகுள் டாக்ஸில் மூன்று பேரும் ஒரே கோப்பில் எழுதுவது சமவெளியில் சுலபம், யார் எப்போது எதை மாற்றினார் என்று வெர்ஷன் ஹிஸ்டரியில் தெரியும். இணையம் போய் ஆஃப்லைனில் இரண்டு பேர் ஒரே வசனத்தைத் திருத்தினால், திரும்ப இணையும்போது இரண்டு திருத்தமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து விழ வாய்ப்புண்டு. அதனால் இங்கே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மூலக்கோப்பு ஒரு லேப்டாப்பில் மட்டும். வீட்டின் பித்தளைச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் அதைத் தொடலாம். மற்றவர்கள் தங்கள் சீன்களைத் தனிக்கோப்பில், தேதியை முன்னால் வைத்துப் பெயரிட்டு, பென்டிரைவில் கொடுக்க வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்குக் கூடுதல் தலைவலிகள் சில. திரைக்கதையில் ஒரு பக்கம், திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கு 12 புள்ளி கூரியர் எழுத்துருவை நம்பியது. கூரியரில் தமிழ் எழுத்து கிடையாது. கணினி தானாக வேறொரு எழுத்துருவைப் போடும், வரி உயரம் மாறும், பக்கக் கணக்கு பொய்யாகும். ஒருவர் தமிழ் எழுத்திலும் இன்னொருவர் ஆங்கில எழுத்தில் தமிழையும் அடித்தால் இரண்டு பாதியின் நீளத்தை ஒப்பிடவே முடியாது. ஒரே முறை, ஒரே எழுத்துரு என்று முதலிலேயே முடிவு செய்து, பத்து பக்கத்தை வாய்விட்டு வாசித்து நேரம் பாருங்கள். உங்கள் கணக்கு அதுதான். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடிக்கும் தட்டச்சாளர் குழுவில் இருந்தால் அவர் கோப்பை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே சேர்க்க வேண்டும்.

கோப்புக்கு நாங்கள் பரிந்துரைப்பது பவுன்டன். திரைக்கதைக்கென்று 2012-ல் வந்த இலவச எழுத்து முறை. வெறும் உரைக்கோப்பு என்பதால் எந்தக் கருவியிலும் திறக்கும், இணையமே வேண்டாம். ஆனால் அது பாத்திரத்தின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்து அடையாளம் காண்கிறது. தமிழில் பெரிய எழுத்து ஏது? ரவி என்று தனி வரியில் அடித்தால் அதை ஆக்ஷன் வரியாக, அதாவது காட்சி விவரிப்பாக, எடுத்துக்கொள்ளும். பெயருக்கு முன் @ குறி போட்டு @ரவி என்று அடிக்க வேண்டும். சீன் தலைப்பைத் தமிழில் எழுதினால் முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மூவரில் ஒருவர் இதை மறந்தால் அவர் எழுதிய சீன்கள் சீன் பட்டியலிலேயே வராது.

பிரின்ட் எடுக்க டவுனுக்குத்தான் போக வேண்டும். பிடிஎஃப் ஆக மாற்றிக்கொண்டு போங்கள். எழுதிய கோப்பையே கொடுத்தால் அந்தக் கடையில் உங்கள் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வரும்.

தொழில்நுட்பத்தை விடப் பெரிய சிக்கல் குரல். ரவியையும் அக்காவையும் மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுதிய சீனில் ரவி, 'வரேன்க்கா, நீ சாப்ட்டியா?' என்கிறான். இன்னொருவர் எழுதியதில், 'கிளம்புறேன் அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?' என்கிறான். இரண்டும் சரியான தமிழ். ஆனால் படத்தில் இரண்டு தம்பிகள் வந்துவிட்டார்கள். நீ, நீங்க என்ற ஒரே சொல்லில் நெருக்கமும் தூரமும் அடங்கிய மொழி இது. வசனம் பிரித்துக்கொள்ளும் முன் ஒரு பக்கத்துக்கு உறவு அழைப்புப் பட்டியல் போடுங்கள்: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார், கோபத்தில் எப்படி, வெளியாட்கள் முன் எப்படி. ரவி அக்காவை 'நீங்க' என்று சொல்லும் சீன் ஒன்றே ஒன்று இருந்தால் அது இடி மாதிரி விழும். பட்டியல் இல்லாமல் ஆறு இடத்தில் தவறி வந்திருந்தால் அந்த இடி கேட்காது.

மலையிலேயே நடக்கும் கதை என்றால் இன்னும் கவனம் வேண்டும். இங்கே எல்லோர் வாயிலும் கோயம்புத்தூர்த் தமிழை ஏற்றிவிடுகிறார்கள். படுகர்களுக்குத் தனி மொழி இருக்கிறது. கோத்தர், தோடர், இருளர், குறும்பர் பேச்சு வேறு வேறு. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் தமிழில் மலையகத்தின் சாயல் உண்டு. டிஸ்கஷனுக்கு இங்கே வருவதன் உண்மையான பயன் இதைக் காதால் கேட்பது. ஒரு மாலையை அதற்கு ஒதுக்குங்கள், சமையலறையில் உட்கார்ந்து பேசினாலே போதும்.

கடைசியாக, மலையேறும் முன் கீழேயே கையெழுத்திட்டு வர வேண்டிய ஒரு தாள். ஏவி.எம்., தேவர் பிலிம்ஸ் காலத்தில் 'கதை இலாகா' என்று மொத்தமாக டைட்டில் போடுவார்கள். இன்று 'கதை விவாதம்' என்று ஒரு அட்டை வருகிறது. பேசியவருக்கு அந்த அட்டை, எழுதியவருக்குத் திரைக்கதை அட்டை. இருவருக்கும் நடுவிலுள்ள கோடு எங்கே என்று யாரும் சொல்லி வைப்பதில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரித்துக் காட்ட முடியாதபடி சேர்ந்து உருவாக்கியது கூட்டுப் படைப்பு. ஆனால் வெறும் எண்ணத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. அதாவது ஆறு நாளும் வராந்தாவில் அற்புதமாகப் பேசி, ஒரு வரிகூட எழுதாதவரின் உரிமை மிகவும் பலவீனம். மாலைக் குறிப்புகளை மூவர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகவும்தான். உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். தாளில் இருக்க வேண்டியவை: பங்கு விகிதம், டைட்டில் வரிசை, நடுவில் ஒருவர் விலகினால் அவர் சீன்கள் யாருக்கு, கருத்து மோதினால் எந்த விஷயத்தில் யாருடைய சொல் கடைசி. ஆர்டரில் டைரக்டர், வார்த்தையில் வசனகர்த்தா என்று பிரித்துக்கொண்டவர்களுக்கு நடுச்சாமச் சண்டை குறைவு.

செலவு: வீடு முழுவதும் ஓர் இரவுக்கு 7,000 ரூபாய், சாப்பாடு ஆளுக்கு நாளொன்றுக்கு 600. மூன்று பேர் ஆறு நாளுக்கு 52,800 ரூபாய், விறகு தனி. சுவருக்காகக் கொடுக்கலாம். அவுட்ஹவுஸ் உபயோகமில்லை என்று சொல்லி ஆயிரம் குறைக்கக் கேளுங்கள், சீசன் இல்லாதபோது குறைக்கிறார்கள்.

முன்பதிவு செய்யும்போது ஒன்றை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஆறு நாளும் சாப்பாட்டு அறையை வேறு விருந்தினருக்குத் திறக்கக் கூடாது, பெருக்க வருபவர் அந்தச் சுவரைத் தொடக் கூடாது.